துணி வளராத பத்தொன்பது மாதம்

1966-ஆம் ஆண்டு ஆவணி மாதம் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து, பெரிய காஞ்சிபுரம் செவ்வந்திக்காரத் தெருவில் யார் எவ்வளவு நெய்தாலும் துணி வளரவில்லை. தறிகள் ஓடின. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. மிதிக்கிற சத்தமும் அடிக்கிற சத்தமும் அடுத்த தெருவரைக்கும் கேட்டன. ஆனால் காலையில் ஒன்பது முழம் ஒரு சாண் இருந்த புடவை, விளக்கு வைக்கிற நேரத்திலும் ஒன்பது முழம் ஒரு சாணாகவே இருந்தது. தார்க்குச்சியில் சுற்றி வைத்த பட்டு நூலும் குறையவில்லை. தெருவில் அப்போது முப்பத்தோரு வீடுகள், நாற்பத்து நான்கு தறிகள். நாற்பத்து நான்கிலும் இதே கதைதான்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் பரசுராமனின் மனைவி தில்லையம்மாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து உண்டானவள். அன்றைக்கு அவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது பிறந்திருந்தது. பிரசவத்துக்கு முன்னால் அந்த மாம்பழ மஞ்சள் புடவையை முடித்து நெசவாளர் சங்கத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றித் தறியில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கடைசியாக நெய்த இழையின் மேல் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தாள். அன்று பகல் முழுக்கப் பரசுராமன் நெய்தான். சாயங்காலம் பார்த்தால் பொட்டு விளிம்பிலேயே இருந்தது. அதற்கப்புறம் அடித்த ஆயிரத்துச் சொச்சம் இழைகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. தரையிலும் இல்லை, கால் வைத்து மிதிக்கும் தறிக்குழியிலும் இல்லை.

அந்த வருஷம் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். கடைகளில் பட்டு கேட்பார் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. டீக்கடையில் உரக்கப் படிக்கிறவர்கள் 'வியாபாரம் மந்தம்' என்று தினமும் படித்தார்கள். அதனால் முதல் பத்து நாள், இதுவும் அந்த மந்தத்தில் ஒரு வகை என்றே தெரு நினைத்தது. பிறகுதான் மற்றவை தெரியவந்தன. அரிசிப் பானையில் எடுக்க எடுக்க அதே நாலு விரல் அரிசி இருந்தது. மேலே கொட்டினாலும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்ய வரும் துரைக்கண்ணு, திண்டிவனத்திலிருந்து தருவித்த புதுக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, ஒரு முகத்திலும் மயிர் வளர்ந்திருக்காததைக் கண்டு, "ஏம்பா, என்கிட்ட சொல்லாம வேற ஆள வெச்சுக்கினீங்களா?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனான். தெருக்கோடி வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டு, "கலந்து பேசிச் சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து பஜ்ஜி சாப்பிட்டு அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார்கள். தெருவில் எல்லாமே நடந்தன. எதுவும் முடியவில்லை.

தில்லையம்மாளின் பிள்ளையும் பிறக்கவில்லை. புரட்டாசியில் பிறந்திருக்க வேண்டியது. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மருத்துவச்சி மரியம்மாள் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கொழந்த சௌக்கியமா இருக்குதுமா. கை காலு ஆட்டுது. கெளம்ப வேண்டிய எடத்துல நின்னுக்கினு இருக்குது, கெளம்பல. அவ்ளோதான்" என்றாள். பஸ் ஏறிக் கூரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்து பார்த்தாள் தில்லையம்மாள். அந்த ஊரில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அவள் போன மறுநாளே பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது. இவளுக்கு மட்டும் ஒரு வலியும் வரவில்லை. அவள் எங்கே போனாலும் செவ்வந்திக்காரத் தெருக்காரியாகவே இருந்தாள்.

அவள் மாமனார் கலியனுக்கு எழுபத்தெட்டு வயது. ஆவணி பதின்மூன்றாம் தேதியன்று வைத்தியர் நாடி பார்த்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதினான்காம் தேதி காலையில் கலியன் மகனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். சின்ன அத்தை வீட்டோடு சண்டை போடாதே என்றார். கொல்லைக் கிணற்றுக்கு மூடி போடு என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சின்ன வயசுல உன்ன ரொம்ப அடிச்சிட்டேன்டா. மனசுல வெச்சுக்காத" என்றார். பரசுராமன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தறிக்கோலால் அடித்த தகப்பன் அதுவரைக்கும் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. ஆரணியிலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் வந்திருந்த மகள்கள் வாயில் பாலை விட்டார்கள். கலியன் கண்ணை மூடினார். அவர் சாகவில்லை. மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து மகனைக் கூப்பிட்டு, அந்த மூன்றையும் முதலிலிருந்து சொன்னார். தினமும் காலையில் சொன்னார். மகள்கள் ஒரு மாதம் இருந்து அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பினார்கள். கிணற்று மூடிக்கு வந்த தச்சன் தைப் பொங்கல் வரைக்கும் இழைத்துவிட்டு, பலகை இழைப்பதற்கு முன்பிருந்த தடிமனிலேயே இருந்ததால் உளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

தெருவுக்கு நாட்டாண்மை சபாபதி. ஐம்பத்திரண்டு வயது, உரத்த குரல். எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பவர். "இது வேற எங்கயும் இல்ல. நம்ம தெருவுல மட்டும் இருக்குது. அப்ப சர்க்காருக்குத் தெரியாதுன்னு அர்த்தம். தெரியப்படுத்தணும்" என்று சொல்லி, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு மனு எழுதும் நேமிநாதனிடம் போனார்.

நேமிநாதன் திருப்பருத்திக்குன்றத்து ஜைனர். அலுவலக வளாகத்துப் புங்கமரத்தடியில் சாய்மேசை போட்டு முப்பது வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டியவர் என்பதால் நாலரை மணிக்குப் பேனாவை மூடிவிடுவார். மேசையில் எறும்பு ஏறினால் ஊதி ஓரமாக அனுப்புவார். ஆனால் மனுவில் ஒரு தப்பு வார்த்தையைக் கண்டால் பல்லைக் கடிப்பார். எந்த அலுவலகத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர்களெல்லாம் ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

முதல் மனுவில் அவர் 'எங்கள் தெருவில் நெசவு நின்றுவிட்டது' என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்து, நின்றதென்றால் தொழிலாளர் நிறுத்தினார்களா முதலாளி நிறுத்தினாரா என்று விசாரிக்க ஓர் ஆய்வாளர் வந்தார். தெருவில் நுழையும்போதே நாற்பத்து நான்கு தறிச் சத்தமும் அவர் காதை அடைத்தது. ஒரு வீட்டுக்குள்ளும் போகாமல், 'தறிகள் ஓடுகின்றன, புகார் உண்மையல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நேமிநாதன் அடுத்த மனுவில் 'மந்தம்' என்று எழுதினார். அது எந்த மேசையில் எப்படித் திரும்பியதோ, தை மாதக் கடைசியில் காக்கிப் பை மாட்டிய ஒருவர் வந்து, மந்தம் எந்தெந்தக் குழந்தைகளுக்கு என்று கேட்டு, ஓம வாசனை அடிக்கும் மருந்தை வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். கலியன் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். குடித்துக்கொண்டே இருந்தார். பாட்டில் காலியாகவில்லை.

'தேக்கம்' என்று எழுதியதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. பங்குனியில் நான்கு ஆட்கள் நீண்ட கழிகளோடும் எண்ணெய் டின்களோடும் வந்து, தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று சாக்கடை சாக்கடையாகக் குத்திப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் தேங்கியிருக்கவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று எல்லார் வாசலிலும் கொசு எண்ணெய் தெளித்தார்கள். நாற்றம் போகவில்லை. அந்தத் தெருவில் எதுதான் போயிற்று? அதே மனு நகலெடுக்கும்போது 'தேக்கு' என்றாகி இன்னோர் இலாகாவுக்குப் போனதில், அனுமதியில்லாமல் மரம் வைத்திருக்கிறார்களா என்று ஒரு நோட்டீசும் வந்தது. நேமிநாதன் அதைப் படித்துவிட்டு அன்று மூன்று மணிக்கே பேனாவை மூடிவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து பாட்டன் காலத்து நிகண்டுச் சுவடியை இறக்கினார். யானைக்கும் மலைக்கும் நீருக்கும் நெருப்புக்கும் வார்த்தைகள் வரிசையாக இருந்தன. வேலை நடந்துகொண்டே இருந்தும் எதுவும் விளையாத நிலைக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருக்காது, அல்லது இருந்தும் யாரும் மனுப் போட்டிருக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னார். கடைசி முயற்சியாக 'தொழில் ஸ்தம்பித்தது' என்று எழுதினார். ஐப்பசி மழையில் குடை பிடித்தபடி ஒருவர் அளவு நாடாவோடு வந்து, புராதன ஸ்தம்பம் எங்கே என்று கேட்டார். தெருமுனை விளக்குக் கம்பத்தை அளந்து எழுதிக்கொண்டு போனார்.

இப்படி ஒரு வருஷமும் சில மாதமும் ஓடின. தெருப் பிள்ளைகளின் பரீட்சை முடிவு 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்றே வந்தது. வெளித்தெருக்காரர்கள் முதலில் இரக்கப்பட்டார்கள். பிறகு, பசியும் இல்லை நஷ்டமும் இல்லை, இவர்களுக்கு என்ன குறை என்று பேசத் தொடங்கினார்கள். நிவாரணம் கேட்ட இடத்திலெல்லாம் இதையே வேறு மாதிரிக் கேட்டார்கள்: பட்டு வீணாயிற்றா, இல்லை; தறி உடைந்ததா, இல்லை; யாராவது பட்டினியா, இல்லை. அப்படியானால் எதற்கு நிவாரணம்? இதற்குப் பதில் சொல்ல முயன்ற சபாபதிக்கு நெற்றி நரம்பு புடைத்தது. ஆனாலும் அவர் நம்பிக்கை இழக்கவில்லை. பெயர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அதுவரைக்கும் யாரும் தறியில் எதையும் மாற்றக் கூடாது, அதிகாரிகள் வந்து பார்க்கும்போது எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

1968 மாசியில் தில்லையம்மாள் நேமிநாதனின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கு அது இருபத்தேழாவது மாதம். ஒன்றரை வருஷமாக மல்லாந்து படுக்க முடியாமல், குனிய முடியாமல், நாலு அடி நடந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போகிறவள். "ஐயா, எனக்குன்னு தனியா ஒரு மனு எழுதுங்க" என்றாள்.

நேமிநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். "எங்கிட்ட வார்த்தை தீந்துபோச்சும்மா" என்றார். "எது எழுதினாலும் அதுக்கு வேற ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. நீயே உள்ள போய்ச் சொல்லு. உன் வயித்தப் பாத்தா யாரும் கம்பத்த அளக்க மாட்டாங்க."

அவள் உள்ளே போனாள். மூன்று பேரைத் தாண்டி நாலாவது மேசையில் ஓர் அதிகாரி இருந்தார். கெட்டவர் இல்லை, நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். செவ்வந்திக்காரத் தெரு என்றதும் அடியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துத் தூசி தட்டினார்.

"மேலிடத்துலேருந்து கடுதாசி வந்திருக்குதும்மா. இங்கிலீஷுல ஸ்டாக்னேஷன்னு போட்டிருக்காங்க. அதுக்குச் சரியான தமிழ் வார்த்தை பரிசீலனையில இருக்குதாம். வந்ததும் நடவடிக்கை எடுப்பாங்க."

"எத்தினி நாளா பரிசீலன பண்றாங்க சார்?"

"ஒரு வருஷமா. முடிஞ்சபாடில்ல."

தில்லையம்மாள் கோப்பைப் பார்த்தாள். அதில் செவ்வந்திக்காரத் தெருவின் காகிதங்கள் இருப்பதால் அதுவும் தெருவைப் போல ஆகிவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. அதிகாரி ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பி, விரற்கடை அகலமுள்ள ஒரு கட்டத்தைக் காட்டினார். "சரி, நீ சொல்லு. உங்க கொற இன்னான்னு இந்தக் கட்டத்துல எழுதணும். ஒரே வார்த்தையில சொல்லு."

"எல்லாம் நடக்குது சார். ஒண்ணும் ஆவல."

"அது ரெண்டு வாக்கியம்மா."

"இந்தா, பாருங்க." அவள் எழுந்து நின்று முந்தானையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள். "இது எந்தக் கட்டத்துல அடங்கும்னு நீங்களே சொல்லுங்க. அடங்கற கட்டமா ஒண்ணு எடுங்க. நானே எழுதறேன்."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தணித்து, இருபது வருஷ உத்தியோகத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "நஷ்டம்னு ஒண்ணு இருந்தா என்னால ஏதாவது பண்ண முடியும்மா. உங்களுக்கு நஷ்டமே இல்லியே. அதான் கஷ்டம்."

வீடு வந்து சேர அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தறிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒன்பது முழம் ஒரு சாண் புடவையை வெகு நேரம் பார்த்தாள். மஞ்சள் பொட்டு விளிம்பில் இருந்தது. கட்டிலில் கிடந்த கலியன், "இன்னாமா சொன்னாங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

"அம்மாடி, எனக்கும் போதும்மா. தெனம் கடேசி வார்த்த சொல்லிச் சொல்லி வாயெல்லாம் புளிச்சுப்போச்சு. எத்தினி வாட்டிதான் ஒருத்தன் சாவறதுக்கு ரெடியாவறது? நீ அத்த அறுத்துடு."

"எத்த மாமா?"

"பாவு நூலத்தான். முடியாதுன்னு தெரிஞ்சப்புறம் இன்னாத்துக்கு அது தறியில இருக்கணும்?"

தறியில் நீளவாக்கில் ஏற்றி நெய்துகொண்டிருக்கும் பாவு நூலை நடுவில் அறுப்பது அந்தத் தெருவில் சாவு விழுந்த வீட்டிலும் நடக்காத காரியம். அப்படி ஒன்று செய்யலாம் என்பதே பத்தொன்பது மாதத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சபாபதியின் கட்டளை இருந்தது. ஆனால் தில்லையம்மாளுக்குச் சபாபதி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவளுக்குத் தடையாக இருந்தவன் பரசுராமன். விஷயத்தைச் சொன்னதும் அவன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து கதவை ஒட்டி நின்றான்.

"அறுத்தா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது. ஏதோ ஒண்ணு ஆவும்."

"நைனா போய்டுவாரு."

"கொழந்த வந்துடுமே."

அவன் மறுபடி தறிக்குழியில் இறங்கினான். அப்படியே ஒரு மாதம் போயிற்று. தினமும் விடிந்ததும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்காருவான். அத்தை வீட்டுச் சண்டையும் கிணற்று மூடியும் தாண்டி, 'மனசுல வெச்சுக்காத' வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் தறியில் இறங்குவான். முப்பத்தாறு வருஷமாகக் கிடைக்காதது இப்போது தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை யாரால் விட முடியும்? ஆனால் கலியனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் காலை மூன்றாவது பேச்சுக்கு வந்ததும் நிறுத்தி, "டேய், அறுநூறு வாட்டி சொல்லிட்டேன். இன்னும் உம் மனசுல ஏறலியா?" என்று கத்தினார். படுத்த படுக்கையாக இருந்தவரின் அந்தச் சத்தம் கோடி வீடுவரைக்கும் கேட்டது. பரசுராமன் எழுந்தான். தில்லையம்மாளிடம் வந்து, "பண்ணு" என்றான்.

பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஏகாம்பரநாதர் கோயில் உற்சவத்து மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. காலை எட்டரை மணிக்கு ஜரிகை வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு தில்லையம்மாள் தறியில் இறங்கினாள். வயிறு இடித்ததால் பக்கவாட்டில்தான் உட்கார முடிந்தது. விவரம் தெரிந்து வாசலில் கூட்டம் கூடியது. சபாபதி ஓடிவந்தார். "வேணாம்மா! இத்தினி நாள் பொறுத்துக்கினு இப்ப கெடுக்காத. வார்த்த வரப்போவுது, கடுதாசியே வந்திருக்குது!" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடப்பக்கக் கரையில் கத்தரியை வைத்து அழுத்தினாள். முடியாததை முடிக்காமலே விட்டுவிடுவதற்கு, தெருவைப் பிடித்திருந்த அது எந்தத் தடையும் போடவில்லை. யாரும் செய்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். மழை தகரத்தில் விழுவதைப் போலச் சத்தம் போட்டுக்கொண்டு பாவின் இழைகள் அறுந்தன. வலப்பக்கக் கரைக்குக் கை அளவு பாக்கி இருக்கும்போது அவளுக்கு முதல் வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் வெட்டிவிட்டுத்தான் மரியம்மாளைக் கூப்பிடச் சொன்னாள்.

பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தோள்வரைக்கும் முடி, மேலே நாலும் கீழே நாலுமாக எட்டுப் பல். அழவில்லை. காத்திருக்கவைத்தவர்களைப் பார்ப்பதுபோல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, மரியம்மாளின் விரலைக் கடித்தது. அவள் போட்ட கூச்சல்தான் கலியன் கேட்ட முதல் செய்தி. மகனைக் கூப்பிட்டார். "சின்ன அத்த வீட்டோட" என்று ஆரம்பித்தார். கிணற்று மூடிவரைக்கும் வந்து மூச்சு வாங்கினார். பரசுராமன் காத்திருந்தான். அடுத்த மூச்சு வரவில்லை. "வெச்சுக்கல நைனா" என்று பரசுராமன் சொன்னான். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. விழுந்திருக்கும் என்றே வீட்டார் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஒரே வீட்டில் ஒரே பகலில் பிறப்பும் சாவும் வந்ததால் எந்தத் தீட்டு முந்தியது என்று உறவுக்காரர்கள் பதினாறு நாளும் சண்டை போட்டார்கள். பதினாறாம் நாளோடு அந்தச் சண்டை முடிந்தது. தெருவில் ஒரு சண்டை முடிந்ததைக் கண்ட மற்ற வீட்டுக்காரர்கள் அன்று மத்தியானமே கத்தரியைத் தேடினார்கள். ஒவ்வொரு தறியாக அறுத்தார்கள். கோடி வீட்டில் அறுத்த அன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வேண்டாம் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். பெண்ணின் தாய், ஒரு வழியாக ஒரு பதில் கிடைத்ததே என்று அவனுக்குக் காப்பி கொடுத்தாள். இரண்டு ஞாயிறு கழித்துத் துரைக்கண்ணுவுக்கு மூச்சு விட நேரமில்லை. பிள்ளைகளின் பரீட்சை முடிவு வந்தது. பாதிப் பேர் தோற்றிருந்தார்கள், மகிழ்ச்சியாக வீதியில் விளையாடினார்கள். நாலாவது மேசை அதிகாரி தாமாகவே வந்தார். அறுந்து கிடந்த அரைகுறைப் புடவைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதோ இருக்குதே நஷ்டம்! இத்த முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதாம்மா?" என்று தில்லையம்மாளிடம் கேட்டார். அவள் குழந்தைக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு முறுக்கைக் கொடுத்தாள்.

சபாபதி மட்டும் அறுக்கவில்லை. வார்த்தை வரட்டும் என்றார். 1971-இல் வந்தது. 'தேக்க நிலை' என்ற தொடர் ஏற்கப்பட்டிருப்பதாகவும் இனிவரும் மனுக்களில் அதையே பயன்படுத்த வேண்டும் என்றும் முத்திரையிட்ட கடிதம். அவர் அதை நேமிநாதனிடம் கொண்டுபோனார். கண்பார்வை மங்கியிருந்த நேமிநாதன் கடிதத்தை முகத்துக்கு அருகில் பிடித்து இரண்டு தடவை படித்துவிட்டு, "தண்ணி தேங்கினாத்தான் தேக்கம். உங்க வீட்டுல தறி ஓடிக்கினு இல்ல இருக்குது" என்றார். ஆனாலும் கூலி வாங்காமல் மனு எழுதிக் கொடுத்தார். வந்து பார்த்தவர்கள் ஒரே ஒரு வீட்டில் இருப்பதைத் தெருவின் நிலை என்று சொல்ல விதியில் இடமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். தில்லையம்மாளின் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். பிறந்த தேதிப்படி அவளுக்கு மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

சபாபதியின் மனைவி பெரியநாயகி அதற்கடுத்த வருஷம், இந்த வீட்டில் இட்லி மாவு புளிப்பதே இல்லை, இனி இது என் வீடு இல்லை என்று சலித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குத் தலை நரைத்தது, முழங்கால் வலி வந்தது, பேரன்கள் பிறந்தார்கள். பகலில் ஒரு சொம்பு மோர் எடுத்துக்கொண்டு வந்து புருஷனுக்குக் கொடுப்பாள். 1978-இல் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த ஒருவர் அவளைச் சபாபதியின் அக்கா என்று நினைத்து எழுதிக்கொண்டார். அவள் திருத்தவில்லை. சபாபதிக்கு அப்போதும் ஐம்பத்திரண்டு வயது. தலைமயிர் கருகருவென்று இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் அவர் வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுச் சைக்கிளின் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. பெரியநாயகி சொம்பை வாங்குவதற்காக வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே, "எவ்ளோ ஆச்சு?" என்று கேட்பாள்.

"இதோ, ஆயிக்கினே இருக்குது."

"சரி. வெயில்ல வெளிய வராத" என்று சொல்லிவிட்டு, அவள் சொம்பைக் கவிழ்த்துச் சொட்ட விட்டு, மகள் வீட்டுக்குப் போவாள்.